பக்கத்துல நின்ன போலீஸ்காரர் ஏன் தடுக்கல?

கேள்வி: போலீஸ் ஒருத்தர அடிக்கவோ சுடவோ ரூல்னு ஏதாச்சும் இருக்கா சார், இல்ல அவங்க இஷ்டம்தானா?

பதில்: இருக்குங்க. 1990ல ஹவானா மாநாட்டுல ஐ.நா. எழுதி வச்ச விதிகளப் பாருங்க, மொதல்ல பேசிப் பாரு, முடியலன்னா மட்டும் கை வை, அதுவும் செஞ்ச தப்போட அளவுக்கு, அடிபட்டா உடனே வைத்தியம் பாரு, உயிருக்கு ஆபத்துன்னாத்தான் துப்பாக்கி. படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அமெரிக்காவுல 1985 வரைக்கும் ஓடுற திருடன சுடலாம்னு பல மாநிலத்துல சட்டமே இருந்துச்சு. 1974ல மெம்பிஸ்ல வேலி ஏறித் தப்பிக்கப் பாத்த 15 வயசுப் பையன போலீஸ் சுட்டுக் கொன்னாங்க, அவன் எடுத்தது 10 டாலரும் ஒரு பர்சும், கையில ஆயுதமில்லன்னு சுட்டவருக்கே ஓரளவு தெரியும். இது தப்புன்னு சுப்ரீம் கோர்ட் சொல்ல 11 வருஷமாச்சு.

கேள்வி: "அந்த எடத்துல நின்னு பாத்தாத்தான் தெரியும்"னு என் போலீஸ் ஃப்ரெண்ட் சொல்றாரே?

பதில்: பாதி நியாயம்தான், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 1989ல கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லுச்சு, நிதானமா உக்காந்து பின்னாடி யோசிக்கிற கண்ணோட பாக்காத, அந்த நொடியில அங்க நின்ன ஒரு நியாயமான அதிகாரி என்ன செய்வாருன்னு பாருன்னு. சரி, அந்த கேஸ் என்னன்னு தெரியுமா? ஒரு சர்க்கரை நோயாளிக்கு சுகர் இறங்குது, ஆரஞ்சு ஜூஸ் வாங்க கடைக்குள்ள போறாரு, க்யூ நீளமா இருக்கவும் விறுவிறுன்னு வெளிய வந்துடறாரு, அவ்வளவுதான், திருடன்னு சந்தேகப்பட்டுப் புடிச்சு கைவிலங்கு மாட்டி, கடைசில பாத்தா கால் எலும்பு முறிஞ்சு போச்சு. நொடி நேர முடிவெல்லாம் இல்லங்க, சர்க்கரைன்னு கூட இருந்தவர் சொல்லச் சொல்ல யாரும் காதுல போட்டுக்கல.

கேள்வி: நல்ல டிரெய்னிங் குடுத்தா சரியாகிடுமா?

பதில்: இதுலதான் எனக்குப் பெரிய சந்தேகமே. 2020 மே 25, அமெரிக்காவுல மினியாபொலிஸ், போலீஸ் புடிச்ச ஜார்ஜ் ஃப்ளாய்ட்ங்கறவரோட கழுத்துல 9 நிமிஷம் 29 செகண்ட் கால் முட்டியால அழுத்திக் கொன்ன அதிகாரிக்கு 19 வருஷ சர்வீஸ், டிரெய்னிங் எல்லாம் எடுத்தவருதான், கூட இருக்கிறவன் வரம்பு மீறினா தடுக்கணும்னு அந்த டிபார்ட்மெண்ட்ல 2016லயே ரூலும் போட்டாச்சு. ஃப்ளாய்டோட காலப் புடிச்சிருந்த போலீஸ்காரர் வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகுது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கலாமான்னு கேக்கறாரு, வேணாம்னு அந்த சீனியர்கிட்ட இருந்து பதில் வருது, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேக்கறாரு, அப்பவும் யாரும் அசையல. அங்க இருந்த இன்னொரு புதுசுக்கு டிரெய்னிங் குடுத்தவரே அந்த முட்டிக்காரர்தான்! கிளாஸ்ரூம்ல என்ன படிச்சா என்ன, ரோட்டுல சீனியர் செய்யறதுதான் பாடம். அதனால என்னைக் கேட்டா மொதல்ல கத்துக் குடுக்க வேண்டியது "சார், விடுங்க, நான் பாத்துக்கறேன்"னு சீனியர் தோள்ல கை வச்சு இழுக்கறதைத்தான், துப்பாக்கி சுடப் பழகுற மாதிரி திரும்பத் திரும்ப நடிச்சு நடிச்சுப் பழகணும். நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் 2016லயே இத ஆரம்பிச்சிட்டாங்க, தடுக்கறது காட்டிக் குடுக்கறது இல்ல, கூட இருக்கிறவனோட வேலையக் காப்பாத்தறதுன்னு சொல்லிக் குடுக்கறாங்க.

கேள்வி: சட்டையில கேமரா மாட்டினா பயம் வராதா?

பதில்: நானும் அப்படித்தான் நெனச்சேன். வாஷிங்டன்ல ரெண்டாயிரத்துக்கு மேல போலீஸ்காரங்கள வச்சு ஆய்வு பண்ணி 2017ல ரிசல்ட் விட்டாங்க, கேமரா மாட்டினவங்க மாட்டாதவங்க ரெண்டு பேருக்கும் பலம் பிரயோகிக்கறதுல, மேல வர்ற புகார்ல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. அப்புறம் சாட்சிக்கு உதவும், வீடியோ வெளிய வந்தா.

கேள்வி: போலீஸ் மேல புகார் வந்தா போலீஸே விசாரிச்சா எப்படி சார்?

பதில்: அதானே. இங்கிலாந்துல போலீஸ் கைபட்டு ஒரு உயிர் போனா தனியா இருக்கிற விசாரணை அமைப்புக்கு அனுப்பியே ஆகணும், எல்லா ஊர்லயும் அதுவாச்சும் வேணும். ஃப்ளாய்ட் செத்த அன்னிக்கு மினியாபொலிஸ் போலீஸ் விட்ட முதல் அறிக்கையோட தலைப்பு, போலீஸ் விசாரிக்கும்போது உடம்பு சரியில்லாம ஒருத்தர் இறந்தாருங்கற மாதிரி. ரோட்டோரமா நின்ன 17 வயசுப் பொண்ணு போன்ல எடுத்த வீடியோ அன்னிக்கு ராத்திரியே வெளிய வரலன்னா ஃபைல்ல அதுதான் இருந்திருக்கும், அந்த அறிக்கையில முட்டின்னு ஒரு வார்த்தையே கிடையாது.