“ஒரு ஆளுக்கு எதுக்குக் களி கிண்டறது?”

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 63 வயது அம்மா ஒருவர் வாரம் தவறாமல் வருகிறார். கணவர் இறந்து 3 வருடம் ஆகிறது. மகன் பெங்களூருவில், மகள் திருப்பூரில். “உன்கிட்டப் பேசற இந்த ஒரு மணி நேரந்தான் கண்ணு எனக்கு” என்கிறார். நாலு பேரோடு கலந்து பழகச் சொன்னேன். மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை போனவர், “யாரும் என்னை மதிக்கல” என்று நின்றுவிட்டார். அடுத்து என்ன செய்யலாம்?

மருத்துவர் பதில்: முதலில் அந்த அம்மாவின் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். தருமபுரியில் என்னிடம் ஒரு பெரியவரை “யார்கிட்டயும் பேசறதில்ல சார்” என்று அழைத்து வந்தார்கள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார், பதில் இல்லை. நான் முகக்கவசத்தைக் கழற்றியதும் பேச ஆரம்பித்தார். அதுவரை உதட்டசைவைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறார்! கூட்டத்தில் பாதிப் பேச்சு காதில் விழாதவருக்கு, மற்றவர்கள் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். கண்புரை, தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் தனியாக இருக்கும் அம்மாக்கள் முதலில் கைவிடுவது களியைத்தான். “ஒரு ஆளுக்கு எதுக்குக் களி கிண்டறது?” என்று டீயும் பன்னுமாக முடித்துக்கொள்வார்கள். பத்துக் கேள்வி உள்ள படிவம் சொல்லாததை இந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

‘கலந்து பழகுங்கள்’ என்ற யோசனை ஏன் எடுபடவில்லை? ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார்: நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை, பழகும் வட்டம் இல்லாத தனிமை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்பதில்லை. இந்த அம்மாவுக்குக் குறைவது கூட்டம் அல்ல, ராத்திரி பேச்சுத்துணை. கணவரைப் பற்றி இன்னும் பேசவே இல்லையோ என்னவோ, அதற்கு இடம் கொடுங்கள்.

இன்னொன்று, நாள்பட்ட தனிமையில் மனசு காவல் நாய் மாதிரி ஆகிவிடும். யார் முகத்திலும் முதலில் தேடுவது வெறுப்பைத்தான். 2011-இல் உளவியலாளர் ஜான் கசியோப்போ குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, வெறுமனே ஆட்களைச் சந்திக்க வைப்பதைவிட இந்த எண்ணத்தைச் சரிசெய்வதே கூடுதலாகப் பலித்தது தெரியவந்தது. ஆகவே அந்த மகளிர் குழுக் கூட்டத்தை அவரோடு பேச்சிலேயே மறுபடி ஓட்டிப் பாருங்கள். உள்ளே நுழைந்தபோது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பணம் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்களா? எண்ணுகிறவர் நிமிராததற்கு வேறு காரணமும் இருக்கலாமே என்று அவர் வாயாலேயே வரட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

பிறகு அனுப்புங்கள், ஆனால் சும்மா போய் உட்கார அல்ல, ஒரு வேலையோடு. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே 1989-இல், அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் காலத்தில் குழு நடத்திய பெண்களில் பலர் இன்று இவர் வயதுக்காரர்கள். கூட்டத்தன்று வீடு வீடாகப் போய்க் கூப்பிடும் பொறுப்பு கிடைத்தாலும் போதும். ‘இந்தம்மா வரலையா?’ என்று ஒருவர் கேட்கும் நிலை வர வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். அதில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் பெண்ணையும் உங்கள் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள்.

மகனிடமும் பேசுங்கள். நினைத்தபோது போன் செய்வதைவிடத் தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் நல்லது. ‘சாப்பிட்டியாம்மா’ என்பதோடு வைத்துவிடாமல், அம்மாவிடம் ஏதாவது யோசனை கேட்கட்டும்.

தூக்கம் போய், எடை குறைந்து, ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சு வந்தால் அது வெறும் தனிமை அல்ல. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும். முதியோர் உதவி எண் 14567.

கடைசியாக அந்த ‘ஒரு மணி நேரந்தான்’. கேட்க இதமாக இருக்கும், எனக்கும் இருந்திருக்கிறது. அதற்காகப் பயந்துபோய்ச் சந்திப்பை வெட்டிவிடாதீர்கள். இப்போதைக்கு வாரம் ஒருமுறையே இருக்கட்டும். அவர் மறுபடி களி கிண்டத் தொடங்கி, பக்கத்து வீட்டுக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன் என்று வந்து சொல்லும்போது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லலாம்.