தினம் ஒரு வரலாற்று வினா: அன்பர்களின் ஐயங்களும் விடைகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் எங்கள் படிப்பகத்தின் வாசற்சுவரில் ஒரு வெண்பலகை தொங்குகிறது. அன்றைய தேதியில் வரலாற்றில் நடந்த ஏதேனும் ஒன்றைப் பற்றி நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அதில் ஒரு வினா எழுதி வருகிறேன். விடை மறுநாள் காலையில் அதே பலகையின் மூலையில் இடம்பெறும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். பால்வெட்டு முடிந்து பதினொரு மணிவாக்கில் வருபவர்கள், கையில் ரப்பர்ப்பால் காய்ந்து ஒட்டியிருக்க, அதைப் பிய்த்துக்கொண்டே விடை சொல்வார்கள். அன்பர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஐயா, என் வகுப்பிலும் இப்படி ஒரு பலகை தொடங்கினேன். ‘இது எந்த ஆண்டு நடந்தது?’ என்று கேட்டால் இரண்டாம் வாரமே பிள்ளைகள் சலித்துப்போனார்கள். வினாவை எப்படி அமைப்பது?

ஆண்டை விடையாகக் கேட்காதீர்கள். அதை வினாவிலேயே கொடுத்துவிடுங்கள். செப்டம்பர் 16ஆம் நாளுக்கு நான் எழுதிய வினா இது: ‘மலேசியா 1963 ஆகஸ்ட் 31 அன்று பிறக்க வேண்டும் என்று முதலில் முடிவாகியிருந்தது. அது செப்டம்பர் 16க்குத் தள்ளிப்போனது ஏன்?’ இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் புதிய நாட்டை எதிர்த்ததால், சரவாக், வட போர்னியோ மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாடுகள் சபையின் குழு ஒன்று வந்தது; அதன் பணி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த வினாவுக்கு விடை தேடும் பிள்ளை, சபாவுக்கு அன்று வட போர்னியோ என்ற பெயர் இருந்ததையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறது. வெறும் ஆண்டைக் கேட்டிருந்தால் நான்கு இலக்கங்களோடு கதை முடிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி: ஜூன் 16 அன்று மட்டும் பலகையில் இரண்டு வினாக்கள் இருந்தன. ஏன் அந்தச் சலுகை?

இது நம் ஊருக்கே உரிய நாள் என்பதால் கொடுத்த சலுகை. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் பிறந்தார். 1948இல் அவருக்கு இருபத்தொன்பது வயது நிறைந்த அதே ஜூன் 16 காலையில், இதே வட்டாரத்தின் எல்பில் தோட்டத்தில் மேலாளர் ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் மேலும் இரண்டு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்து, மலாயாவைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்டிப்படைத்த அவசரகாலத்திற்கு உடனடிக் காரணம் அதுதான்.

இரண்டையும் ஒரே பலகையில் எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு, தொழிலாளர்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தபோது, தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை அவர்களுக்காகவே வாங்கும் நோக்கில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் அமைத்தவர் சம்பந்தன். அவசரகாலம் முடிவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். நம்மூரிலிருந்து பார்த்தால் 1948க்கும் 1960க்கும் இடையில் தோட்ட வரலாற்றின் ஒரு முழு அத்தியாயமே அடங்கியிருக்கிறது.

இடைநிலைப்பள்ளி மாணவர்: அவசரகாலம் தொடங்கியது ஜூன் 18 என்று ஒரு நூலிலும், அதற்கு முந்திய தேதி வேறொரு நூலிலும் உள்ளது. தேர்வில் எதை எழுதுவது?

தம்பி, முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் மட்டும் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், ஜூன் 18 அன்று மலாயா முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. ‘நாடு முழுவதும்’ என்று வினாவில் இருந்தால் 18 என்றே எழுதுங்கள். அப்படிக் குறிப்பிடாமல் கேட்டிருந்தால் குறை வினா எழுதியவரிடம் இருக்கிறது. முடிந்த நாளில் இந்தச் சிக்கல் இல்லை: 1960 ஜூலை 31.

கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர்: பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது 1941 டிசம்பர் 7, மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8. ஆனால் கோத்தா பாருதான் முந்தியது என்று விடை எழுதியிருந்தீர்கள். எட்டு எப்படி ஏழுக்கு முன்னால் வரும்?

அன்று பலகையின் முன்னால் நடந்த வாக்குவாதத்தில் தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம். பசிபிக் பெருங்கடலின் நடுவே பன்னாட்டுத் தேதிக் கோடு ஓடுகிறது. ஹவாய் அதன் கிழக்கே இருப்பதால் அங்கே தேதி நமக்குப் பின்தங்கியே வரும். கோத்தா பாருக் கடற்கரையில் படகுகள் இறங்கியது டிசம்பர் 8 நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில். அப்போது ஹவாயில் டிசம்பர் 7 விடிகாலை. பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது அங்கே காலை எட்டு மணியை ஒட்டி. ஆகவே மலாயா ஒரு மணி நேரத்திற்கும் மேலாக முந்திவிட்டது. ஜப்பானியர் வந்த பிறகு நம் கடிகாரங்களையே தோக்கியோ நேரத்திற்கு மாற்றினார்கள். 1942 என்ற ஆண்டும் அவர்களுடைய கணக்கில் 2602 ஆயிற்று.

ஓர் இல்லத்தரசி: பாரதியார் நினைவு நாளை முதலில் செப்டம்பர் 12 என்று எழுதிவிட்டு, மறுநாள் 11 என்று திருத்தினீர்கள். எது சரி?

அந்தத் திருத்தத்தைச் செய்தது நான் அல்ல. ஒரு பெரியவர் கரிக்கோலால் அடித்துவிட்டுப் போயிருந்தார். அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்த பிறகுதான் பாரதியின் உயிர் பிரிந்தது. கடிகாரப்படி அது 12ஆம் நாள். ஆனால் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் வழக்கம். அந்தக் கணக்கில் அது 11ஆம் நாளின் இரவே. 11 அன்று நினைவு கூர்பவர்களைத் தவறென்று சொல்ல முடியாது. இப்போது வினாவில் ‘ஆங்கில நாட்காட்டியின்படி’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடுகிறேன். கரிக்கோலுக்கு வேலை இல்லை.

பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள்: எங்கள் தோட்டத்தின் கதை எந்த நூலிலும் இல்லை. தேதி தெரியாதவற்றை வினாவாக்க முடியுமா?

முடியும், தேதி தெரிந்த ஒன்றை அருகில் நட்டுவைக்க வேண்டும். என் பாட்டி தமது திருமணத்தை ‘ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய தீபாவளி கழித்து’ என்பார். தேதியாகச் சொல்லாவிட்டாலும் காலத்தைத் துல்லியமாகவே சொல்லியிருக்கிறார். சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத்து ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. ஆனால் அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. நான்கு நாள் கழித்து, 21ஆம் நாள், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த வாரத்தில் ‘உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யார், போஸின் இந்திய தேசியப் படையில் சேர்ந்தவர் யார்?’ என்று எழுதினேன். விடை எழுத இடம் போதாமல் பலகைக்குக் கீழே அட்டை ஒட்ட வேண்டியதாயிற்று. ஒரு லயத்தின் இரண்டு அண்ணன் தம்பிகளில் ஒருவர் சயாமுக்கும் மற்றவர் படைக்கும் போனதை அந்த அட்டையில்தான் படித்தேன். உங்கள் தோட்டத்துக்கும் இப்படி ஒரு வாரம் கிடைக்கும், அப்பாவிடமிருந்தே தொடங்குங்கள்.

பெயர் எழுதாத ஒருவர்: பரிசு உண்டா?

இல்லை.

படிப்பகச் செயற்குழு உறுப்பினர்: கைப்பேசியில் தேடி நொடியில் விடை சொல்லிவிடுகிறார்கள். இதை எப்படித் தடுப்பது?

தடுக்க வேண்டியதில்லை, தேடினாலும் சற்று யோசிக்க வைக்கும் வினாவை எழுதினால் போதும். டிசம்பர் 31க்கு நான் வைத்திருக்கும் வினா: ‘1981ஆம் ஆண்டின் கடைசி இரவு 11.45 மணிக்குத் தீபகற்ப மலேசியாவில் பிறந்த குழந்தைகள் எத்தனை?’ பலர் மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடப் போனார்கள். ஒரு குழந்தைகூட இல்லை என்பதே விடை. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காக அன்று இரவு 11.30க்குக் கடிகாரங்கள் அரைமணி முன்னால் தள்ளப்பட்டு, நேராக 1982 பிறந்தது, 11.45 என்ற நேரமே இங்கே வரவில்லை. விடையைத் தேடாமல் சொன்னவர் ஒரே ஒருவர். அன்று ரப்பர்த் தொழிற்சாலையில் இரவுக் காவலில் இருந்த முதியவர் அவர். வாழ்நாளில் அரைமணி குறைவாக வேலை செய்து முழுச் சம்பளம் வாங்கிய ஒரே இரவு அது என்றார்.