கார் பார்க் கடிதம் வந்திருக்கிறது, கட்ட வேண்டுமா?

பிரிட்டனில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய, தனியார் கார் பார்க் நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்களைப் பற்றியவை. அதனால் இந்த இதழின் பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் பக்கத்து ஷாப்பிங் சென்டரில் இரண்டு மணி நேரம் பார்க்கிங் இலவசம். 3-ஆம் தேதி போனோம், மாமியாருக்கு நடக்க முடியாததால் கொஞ்சம் நேரமாகிவிட்டது. 24-ஆம் தேதி ஒரு கடிதம் வந்தது, அதில் போட்டிருக்கும் தேதி 20. கேமராவில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் பதிவாகி, 2 மணி 26 நிமிடம் இருந்தீர்கள், 100 பவுண்டு கட்டுங்கள், 14 நாட்களுக்குள் என்றால் 60 என்று எழுதியிருக்கிறார்கள். கார் என் பெயரில் இருக்கிறது. தம்பி உடனே 60-ஐக் கட்டித் தொலை என்கிறான். கணவர் தனியார் கம்பெனிதானே, கிழித்துப் போடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, ஹாரோ

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம், சகோதரி. அன்று காரை ஓட்டியது யார் என்றும் உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இங்கே எடுத்துவிட்டேன், காரணம் கீழே வருகிறது.

முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். கவுன்சில் அனுப்புவது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். தனியார் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் சுருக்கினால் பிசிஎன் என்றுதான் வரும், அதனால்தான் இவ்வளவு குழப்பம். கவுன்சிலுடையது சட்டப்படியான அபராதம், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வழக்கு விசாரணை எதுவும் இல்லாமலே பெய்லிஃப், அதாவது பாக்கிக்காகப் பொருட்களைப் பறிமுதல் செய்பவர், வரை போய்விடும். தனியாருடையது அபராதமே இல்லை. போர்டில் எழுதியிருந்த நிபந்தனையை மீறிவிட்டீர்கள், அதற்காக இவ்வளவு தர வேண்டும் என்று கேட்கும் ஒரு பில். நீங்கள் தர மறுத்தால் அவர்கள் கவுண்டி கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போட்டுத்தான் வாங்க முடியும்.

அதற்காகக் கிழித்துப் போடலாம் என்று ஆகிவிடாது. உங்கள் கணவர் சொல்வது 2012-க்கு முன்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அறிவுரை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் இடத்தில் காருக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது. ஆனால் அதே சட்டம், ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் காரின் பதிவு ஆவணமான லாக் புக்கில் பெயர் உள்ளவரிடம், அதாவது கீப்பரிடம் பணம் கேட்கும் உரிமையை இந்த நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது. பிறகு 2015 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்தது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு ரீடெய்ல் பார்க், உங்களுடையது போலவே இரண்டு மணி நேரம் இலவசம், பாரி பீவிஸ் என்பவர் 56 நிமிடம் கூடுதலாக இருந்தார், ‘பார்க்கிங் ஐ’ என்ற நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. அந்தத் தொகை செல்லும் என்று தீர்ப்பானது. கார்கள் வந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் கடைகளுக்கு நியாயமான அக்கறை உண்டு, போர்டும் பெரிதாக, தெளிவாக இருந்தது என்பதே முக்கியக் காரணம். ஆகவே “அவர்களுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டு ஜெயிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த வாதத்துக்கு இப்போது வேலை இல்லை.

சரி, உங்கள் விஷயத்தில் பலமாக இருப்பது தேதி. கீப்பரிடம் பணம் கேட்க வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமராவை வைத்து மட்டும் பிடித்தால், கார் நிறுத்தியதற்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாட்களுக்குள் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். தபாலில் போட்டு இரண்டு வேலை நாள் கழித்து வந்து சேர்ந்ததாகக் கணக்கு. நீங்கள் போனது 3-ஆம் தேதி. 14-ஆவது நாள் 17-ஆம் தேதியோடு முடிகிறது. அவர்கள் கடிதத்தை எழுதியதே 20-ஆம் தேதி! அப்படியானால் கீப்பர் என்ற முறையில் உங்களிடம் கேட்கும் உரிமையை அவர்கள் இழந்துவிட்டார்கள். ஓட்டியவரிடம் கேட்கலாம், ஆனால் ஓட்டியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த வரியை எடுத்தேன். “நான் கொஞ்சம் லேட்டாகிவிட்டேன், மன்னிக்கவும்” என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதினாலும் போதும், இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். நம் ஆட்கள் மரியாதையாக எழுத வேண்டும் என்று நினைத்தே இதில் மாட்டிக்கொள்கிறார்கள், எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. தனியார் நிறுவனத்துக்கு ஓட்டியவர் பெயரைச் சொல்லும் சட்டக் கடமை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அதே நேரம், கார் ஒரு நிறுவனத்திடமிருந்து லீஸுக்கு எடுத்ததாக இருந்தாலோ, லாக் புக்கில் பழைய முகவரி இருந்தாலோ முதல் கடிதம் வேறு எங்கேயோ போய்விட்டு இப்போது வந்திருப்பது இரண்டாவதாக இருக்கலாம். கடிதத்தில் ‘ரிமைண்டர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எழுதும் முன்னால் இன்னொன்று. அன்று வாங்கிய பொருட்களின் ரசீதோ வங்கிக் கணக்கு விவரமோ இருந்தால் அதை எடுத்துக்கொண்டு கடை மேனேஜரைப் போய்ப் பாருங்கள். கார் பார்க் நிறுவனத்தை வேலைக்கு அமர்த்தியிருப்பது கடையோ இடத்தின் சொந்தக்காரரோதான், அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் பல சமயம் அங்கேயே ரத்தாகிவிடும். இதுதான் எல்லாவற்றிலும் எளிய வழி. நடக்கச் சிரமப்படும் ஒரு முதியவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது என்பதை அங்கே தாராளமாகச் சொல்லுங்கள், ஓட்டியது யார் என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

கடை உதவாவிட்டால் நிறுவனத்துக்கே மறுப்பு எழுத வேண்டும். இணையப் படிவத்தில் நீங்கள் டிரைவரா, கீப்பரா என்று கேட்பார்கள், கீப்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதன் சாரம் இவ்வளவுதான்: இந்த வண்டியின் கீப்பராக எழுதுகிறேன், உங்கள் நோட்டீஸ் 2012 சட்டத்தின் 4-ஆவது அட்டவணை சொல்லும் காலத்துக்குள் வரவில்லை, அதனால் எனக்குப் பொறுப்பு இல்லை, ஓட்டியவர் பெயரைத் தரப்போவதில்லை. 14 நாட்களுக்குள் அனுப்பிவிடுங்கள். அவர்கள் நிராகரித்தாலும், சலுகைத் தொகையில் கட்ட மறுபடி 14 நாள் தர வேண்டும் என்று அவர்களுடைய தொழில் விதியே சொல்கிறது, எனவே எழுதிப் பார்ப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

நிராகரித்தால் அடுத்தது மேல்முறையீடு. நிறுவனம் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷனில் உறுப்பினர் என்றால் போப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்பு, இலவசம், 28 நாள் அவகாசம். இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டியில் உறுப்பினர் என்றால் ஐஏஎஸ் என்ற மேல்முறையீட்டு அமைப்பு, 21 நாள். கடிதத்தின் அடியில் எந்தச் சங்கம் என்று போட்டிருக்கும். இந்தக் கட்டத்துக்குப் போனால் சலுகைத் தொகை போய்விடும், தோற்றால் 100 பவுண்டு கேட்பார்கள். ஆனால் போப்லாவின் தீர்ப்பு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை அல்ல. 14 நாள் கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நானாக இருந்தால் கண்டிப்பாகப் போவேன்.

கேள்வி: இரண்டு வருடமாக வந்த கடிதங்களை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன். இப்போது கடன் வசூல் கம்பெனி ஒன்று 170 பவுண்டு கேட்டு வாரத்துக்கு ஒரு கடிதம் போடுகிறது. சிவப்பு எழுத்தில் “கோர்ட்”, “பெய்லிஃப்” என்றெல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று மனைவிக்குத் தூக்கமே இல்லை.
– ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: முதலில் உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: கடன் வசூல் கம்பெனி வேறு, பெய்லிஃப் வேறு. இவர்களுக்குக் கடிதம் எழுதவும் போன் செய்யவும்தான் முடியும். உங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவோ ஒரு பொருளைத் தொடவோ அதிகாரம் கிடையாது. கோர்ட் தீர்ப்பு வந்து, அதையும் நீங்கள் கட்டாமல் விட்டால்தான் பெய்லிஃப் என்ற பேச்சே வரும். அந்த 170 என்பது 100-உடன் வசூல் செலவு என்று சேர்த்த 70. ஆனால் கீப்பரிடம் கேட்கும்போது முதல் நோட்டீஸில் எழுதியிருந்த தொகைக்கு மேல் கேட்க முடியாது என்று 2012 சட்டத்திலேயே இருக்கிறது, எதிர்வாதம் எழுதும்போது இதைக் கட்டாயம் சேருங்கள்.

வசூல் கம்பெனியின் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருக்கலாம், அவற்றைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். ஆனால் இரண்டு கடிதங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவற விடாதீர்கள். ஒன்று, வழக்குப் போடும் முன் வரும் ‘லெட்டர் பிஃபோர் கிளெய்ம்’. பெரும்பாலும் ஒரு வக்கீல் அலுவலகத்தின் பெயரில் வரும், பதில் சொல்ல 30 நாள் தருவார்கள். கடனை ஏற்கவில்லை என்று எழுதுங்கள், போர்டின் படம், நோட்டீஸின் நகல், இடத்தின் சொந்தக்காரரோடு செய்த ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேளுங்கள். இரண்டாவது, கோர்ட்டிலிருந்தே வரும் கிளெய்ம் ஃபார்ம். அதில் ஒரு தேதி இருக்கும், அதிலிருந்து ஐந்து நாள் கழித்து உங்களுக்குக் கிடைத்ததாகக் கணக்கு. அப்படிக் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் வழக்கை எதிர்க்கிறேன் என்று பதிவு செய்தால் எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஊருக்குப் போவது என்று எது இருந்தாலும் அந்த வாரம் இதைச் செய்துவிட வேண்டும்.

கோர்ட் என்றதும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. இது சிறு தொகைகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்கு. கைவிலங்கும் இல்லை, குற்றப் பதிவும் இல்லை, ஒரு சின்ன அறையில் நீதிபதி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பார், மொழிபெயர்ப்பு உதவி வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். தோற்றால் பொதுவாக அசல் தொகை, வழக்கு போட்ட கட்டணம் 35 பவுண்டு, வக்கீலுக்கு நிர்ணயித்த 50 பவுண்டு, விசாரணைக் கட்டணம், அவ்வளவுதான் சேரும். ஆயிரக்கணக்கில் வராது. அதையும் ஒரு மாதத்துக்குள் முழுக்கக் கட்டிவிட்டால் உங்கள் கடன் பதிவில் எதுவும் நிற்காது. பதிலே போடாமல் விட்டால்தான் ஆபத்து: விசாரிக்காமலே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு, ஆறு வருடத்துக்கு அந்தக் கறை, வீட்டுக் கடன் கேட்டால் கைவிரிப்பு.

கேள்வி: வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் என் பெயரில் சிசிஜே, அதாவது கடன் பாக்கிக்கான கவுண்டி கோர்ட் தீர்ப்பு, இருப்பதே தெரிந்தது. பழைய வீட்டுக்கு ஏதோ பார்க்கிங் கடிதங்கள் போயிருக்கின்றன. நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: என்244 என்ற படிவத்தில் தீர்ப்பை நீக்கக் கோரி இன்றே விண்ணப்பியுங்கள். ‘தெரிந்த உடனே வந்தேனா’ என்பதை நீதிபதி பார்ப்பார், ஒரு வாரம் தள்ளினாலும் அது உங்களுக்கு எதிராகப் பேசும். அந்த முகவரியில் இல்லை என்பதற்கு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில் வையுங்கள், வழக்கில் உங்கள் பக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் உண்டு, வருமானம் குறைவென்றால் விலக்குக் கேட்கலாம்.

மற்றவர்களுக்கு: வீடு மாறினால் லைசென்ஸில் மாற்றுகிறோம், வங்கியில் மாற்றுகிறோம், வி5சி லாக் புக்கை மறந்துவிடுகிறோம். பார்க்கிங் நிறுவனம் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு 2.50 பவுண்டு கட்டி வாங்குவது அந்த முகவரியைத்தான். மாற்றுவது இலவசம், மாற்றாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதமும் போடலாம்.

கேள்வி: மெஷினில் காசு போட்டேன். நம்பரில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்தை அழுத்திவிட்டேன். இதற்குமா 100 பவுண்டு?
– ஒரு வாசகி, க்ராய்டன்

பதில்: கூடாது. ஓர் எழுத்து மாறிய சின்னப் பிழையை ரத்து செய்ய வேண்டும் என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. பணம் கட்டிய ஆதாரத்தை அனுப்புங்கள். 2025 பிப்ரவரியில் இன்னொரு மாற்றமும் வந்தது: கேமரா வைத்த கார் பார்க்கில், வந்து ஐந்து நிமிடத்துக்குள் கட்டவில்லை என்பதற்காக மட்டும் இனி பில் போடக் கூடாது, வெளியே போகும் முன் கட்டியிருந்தால் போதும். நேரம் முடிந்த பிறகு பத்து நிமிட அவகாசமும் உண்டு.

கேள்வி: இதெல்லாம் ஸ்காட்லாந்துக்கும் பொருந்துமா?
– ஒரு வாசகர், கிளாஸ்கோ

பதில்: 2012 சட்டத்தின் கீப்பர் பொறுப்பு அங்கே இல்லை, வட அயர்லாந்திலும் இல்லை. ஓட்டியவரிடம்தான் கேட்க முடியும், அதனால் யார் ஓட்டினார் என்று எழுதாமல் இருப்பது உங்களுக்கு இன்னும் முக்கியம். ஆனால் பயமே வேண்டாம் என்று நினைத்துக் குவித்துவிடாதீர்கள். 2017-இல் டண்டியில், நூற்றுக்கணக்கில் டிக்கெட் சேர்த்து ஒன்றையும் கட்டாத ஒருவர் 24,500 பவுண்டு கட்ட வேண்டும் என்று அங்கே உள்ளூர் நீதிமன்றமான ஷெரிஃப் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

கேள்வி: அப்பாவுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டையான ப்ளூ பேட்ஜ் இருக்கிறது. தனியார் இடத்திலும் அதை வைத்தால் போதும்தானே?
– ஒரு வாசகி, இல்ஃபோர்ட்

பதில்: போதாது, அது தெருவுக்கும் கவுன்சில் இடங்களுக்குமானது. தனியார் இடத்தில் அங்குள்ள போர்டு என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும், சில இடங்களில் பேட்ஜ் இருந்தாலும் காசு கட்டத்தான் வேண்டும். ஆனால் 2010-இன் சமத்துவச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும். உடல் இயலாமையால் ஒருவருக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்றால் அதற்கு நியாயமாக இடம் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குக் காரிலிருந்து இறங்கவும் ஏறவும் எவ்வளவு நேரம் ஆகிறது, வாக்கர் எடுத்து வைப்பது யார், மெஷின் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் விவரமாக எழுதுங்கள், பேட்ஜின் படத்தையும் டாக்டர் கடிதத்தையும் சேர்த்து நிறுவனத்துக்கும் கடைக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். பேட்ஜ் படத்தில் அவருடைய போட்டோ உள்ள பக்கத்தை மறைத்துவிடுங்கள், எண்ணும் காலாவதித் தேதியும் தெரிந்தால் போதும்.