தேம்ஸ் கரை டார்செஸ்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டுக்குச் செல்லும்போது டார்செஸ்டரையும் பார்க்க விரும்புகிறேன். சிற்றூரான அதற்கு எப்படி அவ்வளவு பெரிய தேவாலயம் வாய்த்தது?

பதில்: டார்செட் மாவட்டத்திலும் இதே பெயரில் ஒரு நகரம் உண்டு, பயணச்சீட்டு வாங்கும்போது கவனம் தேவை. நீங்கள் கேட்கும் ஊர், தேம் என்ற சிற்றாறு தேம்ஸில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ரோமானியர் காலத்திலேயே மதில் சூழ்ந்த ஊராக இருந்த இங்கேதான், போப்பாண்டவர் அனுப்பிய பிரினஸ் 635-இல் வெசெக்ஸ் அரசர் கினெகில்ஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதனால் இவ்வூர் ஆயரின் (பிஷப்பின்) இருக்கையாயிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்த இருக்கை லிங்கன் நகருக்கு மாறியது. 12-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனியத் துறவியர் மடம் இங்கே எழுந்தது. இன்று நிற்பது அம்மடத்தின் கோயில்.

கேள்வி: இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இது எப்படித் தப்பியது?

பதில்: பணத்தால் தப்பியது. 1536-இல் மடம் மூடப்பட்டபின், உள்ளூர்ச் செல்வந்தர் ரிச்சர்ட் போஃபாரஸ்ட் 140 பவுண்டு கொடுத்துக் கோயிலை வாங்கி, ஊராரின் வழிபாட்டுக்கு விட்டுச்சென்றார். மடத்தின் மற்றக் கட்டடங்களில் பெரும்பகுதி இன்று இல்லை.

கேள்வி: ஒரு மணி நேரமே இருந்தால் உள்ளே எதைப் பார்ப்பது?

பதில்: பீடப் பகுதியின் வடக்குச் சாளரத்தைப் பாருங்கள். சாளரத்தின் அடியில், பைபிளில் வரும் தாவீது அரசரின் தந்தை ஈசாய் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து ஒரு மரம் முளைத்து, நடுக் கல்தண்டாகவே மேலேறி, பக்கத்துத் தண்டுகளைக் குறுக்கே கடந்து கிளை விடுகிறது. கிளைகள் கூடுமிடங்களில் தாவீதின் வழிவந்தோரின் சிறு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கிறிஸ்துவின் வம்சாவளியைக் கண்ணாடியில் தீட்டிய சாளரங்கள் பல உண்டு. சாளரத்தின் கல்லையே மரமாக்கிய 14-ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் துணிச்சல் அபூர்வமானது. பிறகு ஈயத்தாலான ஞானஸ்நானத் தொட்டிக்கு வாருங்கள். வளைவுகளின் கீழே அமர்ந்த திருத்தூதர்களைச் சுற்றிலும் காட்டும் இது, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஈயம் எளிதில் உருகும், விலையும் போகும். ஆகவே இத்தகைய தொட்டிகள் எஞ்சியிருப்பதே அரிது. நேரம் மிஞ்சினால், கால்களைப் பின்னியபடி வாளை உருவ முனையும் 13-ஆம் நூற்றாண்டு வீரனின் கல்லுருவத்தையும் காணலாம். படுத்த சிலைதான், ஆனால் எழுந்துவிடுவானோ என்று தோன்றும்.

கேள்வி: ஆற்றங்கரை வயல்களில் தெரியும் மேடுகள் வெள்ளத் தடுப்புக் கரைகளா?

பதில்: அல்ல. டைக் ஹில்ஸ் எனப்படும் அவை இரும்புக்காலக் குடியிருப்பின் அரண்கள். மற்றப் பக்கங்களை இரு ஆறுகளும் காத்ததால், திறந்திருந்த பக்கத்துக்கு மட்டும் இரட்டைக் கரையும் இடையே அகழியும் போதுமாயின. 1870-இல் நிலத்துக்காரர் இவற்றை உழுது சமன்படுத்தத் தொடங்கியதும் எதிர்ப்பு கிளம்பியது. பிரிட்டனின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882-இல் வருவதற்கு வழியமைத்த நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. என்னைக் கேட்டால், கோயிலுக்கு வருபவர்கள் இந்த மேட்டைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

கேள்வி: சாப்பிட இடம் உண்டா?

பதில்: கோயிலுக்கு எதிரே, குதிரைவண்டிக் காலத்துப் பழைய விடுதியான ஜார்ஜ் இருக்கிறது. மேட்டுக்குப் போகும் வயல்வழி மழைக்காலத்தில் சேறாகிவிடும். காலணியை அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளுங்கள்.