ஆழ்கடல் அட்டை என்றால் சட்டத்தில் வராதா?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடி. அண்ணனின் விசைப்படகு 600 மீட்டர் ஆழத்தில் இழுத்தபோது, கொழகொழவென்று இளஞ்சிவப்பில் ஒரு கடல் அட்டை வந்தது. "ஆழ்கடல் அட்டை சட்டத்தில் வராது, நல்ல விலை தருகிறேன்" என்கிறார் ஒரு வியாபாரி. இது என்ன வகை? பார்மலினில் போட்டு வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் அதைப் பார்மலினிலிருந்து எடுத்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். அட்டையின் அடையாளமே தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள்தான். நாள்பட்ட பார்மலின் அமிலமாகி அவற்றைக் கரைத்துவிடும். அப்புறம் எந்த நிபுணராலும் பெயர் சொல்ல முடியாது.

ஓர் அரிசி அளவு தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பிளீச்சிங் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். சதை கரைந்து துகள் மட்டும் நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் மேசை, பொத்தான் வடிவங்கள் தெரிந்தால், நம் கரையோர வெள்ளை அட்டையின் கூட்டம். வண்டிச் சக்கரம் போல் தெரிந்தால் ஆழ்கடலின் எலாசிப்போடிடா என்ற அட்டை வரிசையாக (பெரும் பிரிவாக) இருக்கலாம். அந்த வரிசையில் மரக்கிளை போன்ற சுவாச உறுப்பும் கிடையாது.

வலை 600 மீட்டரில் ஓடியது என்பதால் அட்டை அந்தத் தரையில் வாழ்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். எலாசிப்போடிடாவில் கடற்பன்றி என்று பெயர் பெற்ற அட்டை போன்றவை சேற்றில் மேய்பவை. ஆனால் எனிப்னியாஸ்டெஸ் என்று ஒன்று உண்டு. அதுவும் இளஞ்சிவப்பு, கண்ணாடி போல் குடல் வெளியே தெரியும். சேற்றைத் தின்ன மட்டும் இறங்கும், மற்ற நேரம் நீந்தும், தரையிலிருந்து பல நூறு மீட்டர் மேலேயும் போகும். மேலே இழுக்கும்போது வலை வாய் திறந்தே வருவதால் வழியில்கூட அது மாட்டியிருக்கலாம். உங்களுடையது அதுவாக இருந்தால் படகுக் கருவி காட்டிய ஆழம் பயன்படாது.

வியாபாரி சொல்வது பச்சைப் பொய். 2001-இல் கடல் அட்டை இனம் மொத்தமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆழம் பார்த்து விலக்கு எதுவும் அதில் இல்லை. கொழகொழ அட்டையில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்தால் என்ன மிஞ்சும்? இப்படிப் பேசி வாங்குபவர் மாட்டுவதில்லை, படகுக்காரர்தான் மாட்டுகிறார்.

செத்து வந்ததைக்கூட ஆய்வுக்கு வைத்திருக்க அனுமதி வேண்டும். நான் ஒரு முறை எழுதிக் கேட்டு 11 மாதம் காத்திருந்தேன். அதற்குள் வலையில் வந்ததெல்லாம் கடலுக்கே போய்விட்டது. அதற்காக நீங்கள் ஒளித்து வைக்க வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி, பக்கத்து மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்படையுங்கள். அடுத்த முறை ஈரம் காயும் முன் படம் எடுத்து, இடத்தையும் வலை இறக்கிய, ஏற்றிய நேரங்களையும் எழுதிக் கொடுங்கள்.