லாட்ஜ் இணையதளத்துக்கு வருபவர்கள் ஏன் உடனே வெளியேறுகிறார்கள்?

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி அருகே லாட்ஜ் நடத்துகிறீர்கள்; இணையதளத்தைத் திறப்பவர்கள் எதையும் தொடாமலே போய்விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சாட்பாட், ஓடும் படங்கள் எல்லாம் அப்புறம். உங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்களில் பலர் வங்காளத்திலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ நோயாளியோடு புறப்படுகிறவர்கள். வாடகை எவ்வளவு, சமைக்க வசதி உண்டா, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாமா என்பதுதான் அவர்கள் கவலை.

முதல் திரையிலேயே ஒரு கணக்குப் பெட்டி வையுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்று தேர்ந்தெடுத்ததும் மொத்தத் தொகை அங்கேயே மாற வேண்டும். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால்தான் விலை என்றால் ஆள் நிற்கமாட்டார். தொகைக்குக் கீழே வாட்ஸ்அப் பொத்தான். அழுத்தினால் தேதியும் ஆள் எண்ணிக்கையும் செய்தியில் தானாக நிரம்பியிருக்கட்டும். அந்த வாட்ஸ்அப் இணைப்பில் உங்கள் எண்ணை 91 என்றே தொடங்குங்கள், கூட்டல் குறியோ 0-வோ வேண்டாம். கணக்குப் பெட்டியில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தொட்டதும் பக்கம் பெரிதாகிவிடும்.

வங்காளி, இந்திப் பக்கங்கள் அவசியம். இயந்திர மொழிபெயர்ப்பை அந்த மொழிக்காரர் ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

அடுத்தது வேகம். கூகுளின் அளவுகோல்படி திரையின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் மாற்றம் தெரிய வேண்டும். அறைப் படங்களை வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் 150 கேபிக்குள் சுருக்குங்கள். லேசி லோடிங் (திரை அருகே வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) கீழே உள்ள படங்களுக்கு மட்டும்; முதல் படத்துக்கும் போட்டால் அதுவே தாமதமாகும். படங்களுக்கு அகலமும் உயரமும் குறிப்பிடாவிட்டால், படம் வந்து சேரும்போது பொத்தான் கீழே தள்ளப்பட்டு விரல் வேறெங்கோ படும்.