பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எந்த சப்வூஃபர்?

பத்தடிக்குப் பன்னிரண்டடி டிவி அறைக்கு 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், அவசியமில்லை. 8 அல்லது 10 இன்ச்சில், துளையில்லாத மூடிய பெட்டி தாராளமாகப் போதும். துளை வைத்தது இன்னும் முழங்கும், ஆனால் பெட்டி பெரிதாக இருக்கும்.

பெட்டியைவிட அறைதான் படுத்தும். 12 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே சுமார் 47 ஹெர்ட்ஸில் ஒலி நின்று அதிரும். சுவரோரம் உட்கார்ந்தால் கும்மென்று இடிக்கும். அறை நடுவே வந்தால் அந்த பேஸையே காணோம்.

அதனால் இடம் தேடுங்கள். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை). எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடத்தில் பெட்டியை வையுங்கள். அப்புறம் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் அமைப்பு) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஃபேஸ் சுவிட்சை (சப்வூஃபரின் அதிர்வை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைப்பது) 0, 180 டிகிரி என மாற்றி, எதில் பேஸ் கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

காசு இருந்தால், நானாக இருந்தால் பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டு வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பேன்.